மஸ்கட் ஓட்டலில் நாங்கள் பற்றவைத்த அடுப்பு

ஐயா,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் உன்னிடம் எந்தப் பேச்சையும் தொடங்குவேன். இன்று கேட்கவில்லை. கேட்டால் நீ "சாப்பிட்டேம்மா" என்பாய், நான் "என்ன சாப்பிட்ட?" என்பேன், அதற்குள் டவர் இல்லை என்று வைத்துவிடுவாய். நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான் வைத்தாய். ஆனால் வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னாய். "அம்மா, நான் வேலைய விட்டுட்டு வந்துருதேன். அவிய போகச் சொல்றதுக்கு முன்னால நானே எழுதிக் குடுத்துருதேன்" என்றாய். நானும் "சரிய்யா" என்றுவிட்டேன். போனை மேசையில் வைத்த பிறகுதான் எவ்வளவு தப்பான இடத்தில் சரி சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. திரும்பக் கூப்பிட்டால் அழுதுவிடுவேன், நீ பயந்துபோவாய். அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராஜினாமா கொடுக்கப் போவதாகச் சொன்னாயே, அதற்குள் இதை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடு.

இதை நம் டூர் குரூப் வாட்ஸ்அப்பிலும் போடத்தான் போகிறேன். முகத்தைச் சுளிக்காதே. உன் வேலைக்கு வந்த ஆபத்தில் அந்தக் குரூப்பில் உள்ள ஒவ்வொருத்திக்கும் பங்கு உண்டு. காய் வாங்கப் போனால் கேட்கிறார்கள், கோயிலுக்குப் போனால் கேட்கிறார்கள். "மகனுக்கு ஒண்ணும் ஆகலியே மதினி?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாரும் சேர்ந்தே படித்துக்கொள்ளட்டும்.

குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இருப்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிப் போகிறேன், பொறுத்துக்கொள். இராஜபாளையத்திலிருந்து நானும் உன் அப்பாவும் கோயில் டூர் கூட்டிப் போகிறோம். அப்பா பட்டாளத்திலிருந்து வந்ததும் வாங்கிய வேனில் தொடங்கியது இது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குன்றில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க ஆள் ஏற்றிக்கொண்டிருந்தோம். பிறகு நவதிருப்பதி, பிறகு காசிவரை போயாயிற்று. வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பெண்கள். மில்லிலும் பேண்டேஜ் கம்பெனியிலும் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர்கள், வீட்டை விட்டு நாலு நாள் வெளியே போகமாட்டோமா என்று ஏங்குகிறவர்கள். கூடவே மம்சாபுரம் மாடசாமி அண்ணனும் வருவார். எங்கள் சமையலுக்கு அவர்தான் தவசிப்பிள்ளை. அவரும் அவருடைய பாத்திரங்களும் ஏறாமல் வண்டி நகராது. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, விரதக்காரர்கள் வெளியில் கை நனைக்கமாட்டார்கள் என்று பல காரணம் இருக்கிறது. எனக்கு ஒரே காரணம்தான். மாடசாமி அண்ணன் புளியோதரை கிளறுகிறார் என்றால் வராதவளும் பெயர் கொடுத்துவிடுவாள்.

எங்களுக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. எங்கே போய் இறங்கினாலும், பெட்டியைப் பிரிக்கும் முன்னால் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சுவோம். முதல் தம்ளர் பால் அந்த இடத்துக்கு யார் பொறுப்போ அவருக்கு. சத்திரமென்றால் மணியக்காரருக்கு, மண்டபமென்றால் மேனேஜருக்கு, பள்ளிக்கூடத்தில் படுத்தால் வாட்ச்மேனுக்கு. அதைக் குடித்தவர் அப்புறம் தண்ணீர் வரவில்லை என்றால் ஓடி வருவார், விளக்கு எரியவில்லை என்றாலும் ஓடி வருவார். இத்தனை வருடத்தில் அந்தப் பாலை வேண்டாம் என்றவர் ஒருவரும் இல்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். போன புரட்டாசியில் நீ போன் செய்தாய். மஸ்கட் ஓட்டலில் விற்பனைப் பிரிவில் இருக்கிற நீ அன்றைக்குச் சந்தையில் கடை போட்டு ஈ ஓட்டுகிறவன் குரலில் பேசினாய். எண்ணெய் விலை இறங்கியதும் கம்பெனிக் கூட்டங்கள் நின்றன, வெள்ளைக்காரர்கள் வருவதும் குறைந்தது, அவர்கள் ஊரிலும் கை இறுகிப்போயிருக்கிறது என்றெல்லாம் சொன்னாய். "ஒரு பக்கம் பூரா ரூம் சும்மா கெடக்கும்மா. வெலையும் எம்புட்டோ கொறச்சாச்சு. ஒங்க பஸ் கூட்டத்தயாவது கூட்டிட்டு வாங்களேன்" என்று சிரித்தாய். நீ விளையாட்டுக்குச் சொன்னாய். அடுத்த சனிக்கிழமை மலைப்படி ஏறும்போது நான் நிஜமாகவே சொல்லிவிட்டேன். "மஸ்கட்ல பழைய சிவன் கோயில் இருக்காம், போவோமா?" என்றேன். ஜானகி அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "பெருமாள் கோயில் இல்லியா?" என்றாள். கிருஷ்ணர் கோயில் இருக்கிறது என்றதும், "அப்ப என் பேர மொதல்ல எழுது" என்றாள். இறங்கி வருவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாஸ்போர்ட் எடுக்கப் படம் பிடித்துக்கொள்வதற்கு அவர்கள் கட்டிவந்த பட்டுச் சேலைகளை நீ பார்த்திருக்க வேண்டும்.

தை மாதம் கிளம்பினோம். செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம்வரை நம் வேன், அங்கிருந்து விமானம். கேஸ் அடுப்பு விமானத்தில் ஏறாது என்பது எங்களுக்கும் தெரியும், அவ்வளவு விவரங்கெட்டவர்கள் இல்லை. அதனால் கரண்ட் அடுப்பு எடுத்துக்கொண்டோம். ஓட்டல் ரூமில் சமைக்கலாமா என்று ஒரு வார்த்தை உன்னிடம் கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. தங்குகிற இடத்தில் சமைக்கக் கூடாது என்று எங்களிடம் யாரும் சொன்னதே இல்லையே! எனக்கு மட்டும் லேசாக ஒரு சந்தேகம் வந்தது, அப்பாவிடம் கேட்டேன். அந்த மனிதர் கம்பளிக்குள் குக்கரைச் சுற்றிக்கொண்டே, "ஏட்டி, பட்டாளத்துல எல்லைக்குப் போனாலும் அடுப்பு எங்ககூடத்தான் வரும். ஓட்டலுக்கு வராதா?" என்றார். இதற்குமேல் அவரிடம் என்ன கேட்பது?

நீ எங்களை அழைத்துப்போய் அறை அறையாக விட்டாய். வெள்ளை விரிப்பு, ஜன்னலைத் திறந்தால் கடல். அந்த அழகைப் பார்த்துக்கொண்டு நின்றது செத்த நேரம்தான். நீ கீழே போனதும் மாடசாமி அண்ணன் அடுப்பை எடுத்துவிட்டார். பால் நல்லபடியாகப் பொங்கியது. அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. எல்லாருக்கும் பசியாயிருக்குமே என்று அவர் புளியோதரைக்கு மிளகாய் வற்றலைத் தாளித்தார். கூரையில் இருந்த வெள்ளை டப்பா அலறத் தொடங்கியது. அறைக்கு வெளியிலும் அலறியது, மாடியெல்லாம் அலறியது. ஜானகி அக்காவுக்குப் பயம் வந்தால் தமிழ் மறந்துவிடும். "பதண்டி, பதண்டி" என்று தெலுங்கில் எல்லாரையும் விரட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். அந்தப் பெரிய ஓட்டலில் தங்கியிருந்த கொஞ்சநஞ்சம் பேரும் எங்களோடு புல்வெளியில் வந்து நின்றார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நீச்சல் குளத்திலிருந்து அப்படியே வந்துவிட்டார், துண்டுகூட இல்லை. நம் பெண்கள் எல்லாரும் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

நான் இறங்கும்போது கையில் அந்த முதல் தம்ளர் பால் இருந்தது. கீழே வைக்க மனம் வரவில்லை. உன் மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு வேகமாக வந்தார். இவர்தான் இடத்துக்குப் பொறுப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது, நீட்டிவிட்டேன். அவரும் ஏதோ நினைவில் வாங்கிவிட்டார். பாலைக் கையில் வைத்துக்கொண்டே சத்தம் போட்டார், பாவம். யார் இவர்களுக்குச் சமைக்க அனுமதி கொடுத்தது என்று கேட்டார். அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் புரியும். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றாய். இவர் என் அம்மா என்றும் சொன்னாய்.

பச்சைப் பொய். நீ அனுமதி கொடுக்கவில்லை, உனக்கு ஒன்றுமே தெரியாது. ஆனாலும் ஐயா, அந்த இடத்தில் என் நெஞ்சு எப்படி நிறைந்தது என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இத்தனை பேர் முன்னால், பால் சிந்திய முந்தானையும் புளிவாசனையுமாக நிற்கிறவளை என் அம்மா என்று சொன்னாய். அடுத்த நிமிடமே பயமும் பிடித்துக்கொண்டது. ஆள் குறைக்கக் காரணம் தேடுகிற நேரத்தில் நீயே போய்க் காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டாயே! பயந்தபடியே உனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இப்போது ஓட்டலில் ஒரு பக்கத்தை மூடப் போகிறார்கள், போகிறவர்களில் முதல் பெயர் தன்னுடையது என்று நீ முடிவே கட்டிவிட்டாய்.

முடிவு கட்டியது நீ. அவர்கள் இன்னும் கட்டவில்லை. உன் சுபாவமே இதுதான். மதுரையில் கேட்டரிங் படிப்புக்கு இன்டர்வியூ போனாயே, நினைவிருக்கிறதா? வராந்தாவில் மற்ற பையன்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். வீட்டுக்கும் வர வெட்கப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி உட்கார்ந்துகொண்டாய். அப்பா தேடி வந்தபோது பால்கோவா தின்றுகொண்டிருந்தாயாம். துக்கத்திலும் என் மகன் பட்டினி கிடக்கவில்லை! அந்த இன்டர்வியூ இரண்டு நாள் நடந்தது உன் நல்ல காலம். அப்பா உன்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "ஏலே, வேண்டாம்னு அவிய சொல்லட்டும். அவிய வேலைய நீ எதுக்குப் பாக்க?" என்று மட்டும் கேட்டு, மதுரைப் பஸ்ஸில் கூடவே ஏறினார். மறுநாள் உன்னைக் கூப்பிட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு மஸ்கட்வரை உன்கூடவே ஏறி வர அப்பாவால் முடியாது.

இனிமேல் இந்த ஊருக்கு யாரம்மா வரப்போகிறார்கள் என்று நேற்று கேட்டாய். எண்ணெய் விலை எப்போது ஏறும் என்று எனக்குத் தெரியாது. உன் அரசாங்கம் என்ன திட்டம் போடுகிறது என்றும் தெரியாது. ஆனால் கையில் காசு குறைந்த காலத்தில் ஜனங்கள் எப்படிப் பயணம் போவார்கள் என்பதை நான் வண்டி வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு மில்களில் ஷிப்டைக் குறைத்த சமயம், காசி டூருக்கு ஒரு பெயர்கூட வரவில்லை. வேனை விற்றுவிடலாம் என்று அப்பா சொல்லத் தொடங்கினார். ஒரு நாள் மார்க்கெட்டில் ஒருத்தி, "காசிக்குத்தான் ஏலாது, ஆண்டாளப் பாத்துட்டு மத்தியானச் சோத்துக்குத் திரும்புற மாதிரி ஒரு வண்டி போடேன்" என்று கேட்டாள். போட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைப் பார்த்து, அப்படியே திருவண்ணாமலை ஏறி இறங்கி, வீடு திரும்புவது. அரை நாள் டூர். வண்டி நிறைந்தது. ஒன்றும் பெரிதாக மிஞ்சவில்லை, ஆனால் வேன் நம் வாசலிலேயே நின்றது. தூரம் குறையும், நாள் குறையும், ஓட்டல் சோறு கட்டுச்சோறாகும். போகிற ஆசை மட்டும் குறையாது, ஐயா.

உன் ஊருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். தூரத்து ஊர்க்காரர்கள் சீக்கிரம் திரும்பி வரமாட்டார்கள். அவர்களுக்காக அலங்கரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். பக்கத்து நாட்டிலிருந்து காரில் பிள்ளைகுட்டியோடு வருகிறவர்கள் வருவார்கள். அப்புறம் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதை உன் மேனேஜர் எண்ணியே பார்த்திருக்கமாட்டார். உன் ஊரில் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் வேலை பார்க்கிற ஒவ்வொருவனுக்கும் இங்கே ஒரு அம்மா இருக்கிறாள். மகன் இருக்கும் ஊர் எப்படியிருக்கும், அவன் நடக்கிற தெரு எது, அவன் பார்க்கிற கடல் எது என்று ஒரு தடவை பார்க்காமல் கண்ணை மூட அவளுக்கு இஷ்டமில்லை. ரூமில் நாலு பேரோடு படுத்திருக்கிற பிள்ளையால் அம்மாவை எங்கே தங்கவைக்க முடியும்? விலை குறைத்திருக்கிற இப்போது தங்கவைக்கலாம். எல்லாராலும் முடியாது, தெரியும். முடிகிறவர்களைக்கூட இதுவரை யாரும் வா என்று கூப்பிடவில்லையே.

எங்களையே எடுத்துக்கொள். அந்தக் களேபரத்துக்குப் பிறகு மீதி நாள் எல்லாரும் ரொட்டியும் பழமுமாக ஒப்பேற்றினார்கள். மாடசாமி அண்ணன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடற்கரையில் உலாத்தினார். ஆனாலும் சிவன் கோயிலில் நின்று அழுதார்கள், பெரிய மசூதியின் கம்பளத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள், கடைத்தெருவில் சாம்பிராணி பேரம் பேசி அந்தக் கடைக்காரரையே சிரிக்க வைத்தார்கள். ஊர் திரும்பி வேனை விட்டு இறங்கும்போதே ஜானகி அக்கா, "மறுபடி எப்பம்மா? அடுப்புக்கு மட்டும் ஒரு வழி பண்ணு" என்றாள். ஒரு ஊருக்கு இதைவிட நல்ல நற்சாட்சி என்ன வேண்டும்?

அடுப்புக்கு ஒரு வழி இருக்கிறது, நீயே காட்டினாய். மூடப் போகிற அந்தப் பக்கத்தில் கல்யாண விருந்துக்கென்று கட்டிய சமையலறை பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிக் கதவைத் திறந்து காட்டினாயே. புகை போக வழி, தீ அணைக்க ஏற்பாடு, கழுவத் தொட்டி, எல்லாம் அதிலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் எந்த மண்டபமானாலும் சமையற்கட்டோடு சேர்த்துத்தான் விடுவார்கள். சமையல்காரரோடு வருகிற கூட்டத்துக்கு அந்தப் பக்கத்து அறைகளையும் சமையலறையையும் சேர்த்து விடலாம் என்று உன் மேனேஜரிடம் சொல்லிப் பார். நம்மைப்போல மலையாளத்திலும் குஜராத்திலும் எத்தனை கூட்டம் அடுப்போடு அலைகிறது தெரியுமா? சட்டம் என்ன சொல்கிறது என்று நீ விசாரித்துக்கொள், அது எனக்குத் தெரியாது. ராஜினாமாவுக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை நீ எழுதிக் கொண்டுபோக வேண்டிய காகிதம் இதுதான். அனுமதி கொடுத்ததாகச் சொன்னது பொய், என் அம்மாவுக்காகச் சொன்னேன் என்பதையும் அன்றே சொல்லிவிடு. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. சத்தம் போட்டு முடித்துவிட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, அந்தப் பாலைக் குடித்தார்.

அவர் இது நடக்காது என்று சொல்லவும் கூடும். சொல்லிவிட்டு உன்னையும் போகச் சொல்லலாம். சொன்னால் வந்துவிடு. அதில் ஒரு தலைகுனிவும் இல்லை. ஊரில் நாலு பேர் நாலு விதம் கேட்பார்கள், உனக்குப் பெண் பார்க்கிற தரகர் பத்து நாள் இந்தப் பக்கம் வரமாட்டார், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மறைக்க எனக்கு மனமில்லை. நேற்று நீ வருகிறேன் என்றதும் நான் ஏன் சரி என்றேன் தெரியுமா? ஆசை. வேறொன்றுமில்லை. போனை வைத்ததும் மாடி ரூமைக் கூட்டித் துடைத்துவிட்டேன். அப்பா வேனுக்குப் புது பெயிண்ட் அடித்து உன் பெயரை எழுதலாமா என்று கேட்டார். முழங்கால் வலி வந்த பிறகு மலைப்படியில் கூட்டத்துக்குப் பின்னால்தான் நடக்கிறேன், முன்னால் நடக்க நீ வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் என் அடுப்பால்தான் வேலை போயிற்று என்ற நினைப்போடு நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதை என்னால் தாங்க முடியாது. நீயும் அதை என்னிடம் ஒருநாளும் சொல்லமாட்டாய், நானும் ஒருநாளும் கேட்கமாட்டேன், இருவரும் ஒரே வீட்டில் அதைச் சுமந்துகொண்டு கிடப்போம்.

அதனால் போய்ப் பேசு. அவர் சரி என்றால், அடுத்த தைக்கு இந்தக் கூட்டத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு உன் ஊர் விமான நிலையத்தில் வந்து இறங்குவேன், நீ வெளியே நின்று கையை ஆட்டு. அவர் வேண்டாம் என்றால், திருவனந்தபுரத்தில் நானும் அப்பாவும் வெளியே நிற்போம், நீ இறங்கி வா. எதுவானாலும் உன்னைப் பார்ப்பேன், எனக்கு இரண்டும் லாபம்தான். பேசாமல் மட்டும் வந்துவிடாதே, ஐயா.

உன் அம்மா